முதலில் நின்றது பஸ்

அன்புள்ள அம்மா,

நான் கோத்தகிரிக்காரன், இப்போது டொராண்டோவில் வேலை. போன ஆகஸ்டில் கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லாப்ரடாரின் வடக்குக் கரையில் ஹெப்ரோன் என்ற கைவிடப்பட்ட ஊருக்குப் படகில் போய் வந்தேன். மொரேவியன் பாதிரியார்கள் 1830 வாக்கில் கட்டிய நீண்ட மரக்கட்டிடம், சரிந்த வீடுகள், கல்லறைகள். பனிக்கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடு ஒருவர் கூடவே வந்தார். ஆள் அரவமே இல்லாத அமைதி. காலம் உறைந்து நிற்பதுபோல் இருந்தது. கோடையில் தங்கிக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள் டீ கொடுத்தார். அவருடைய பாட்டிக்கு அந்த ஊர்தானாம். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். நீலகிரியில் இதுபோன்ற இடிபாடுகள் எங்கெல்லாம் இருக்கின்றன? அடுத்து கிரீன்லாந்து போகலாமா?

*

அன்புள்ள தம்பி,

கிரீன்லாந்துக்குத் தாராளமாகப் போங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினாலே எனக்குக் காது அடைக்கிறது, என்னிடம் போய்க் கேட்கிறீர்கள். காலம் உறைந்ததைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குளிரில் எதுவும் உறையும்.

ஆனால் ஆள் அரவமே இல்லை என்று எழுதிவிட்டு இரண்டு வரி தள்ளி டீ கொடுத்தவரைப் பற்றி எழுதுகிறீர்களே, அவர் ஆள் இல்லையா? அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள். ஊர்க்காரரே எதிரில் நிற்கிறார். நீங்கள் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். பாட்டியை எங்கே கொண்டுபோய் விட்டார்கள், போகும்போது என்ன எடுத்துப் போனார், திரும்பி வந்து பார்த்தாரா, ஒன்றாவது கேட்டீர்களா? அந்த அம்மாளின் பெயரையாவது? கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'கைவிடப்பட்ட' என்று நீங்கள் எழுதிய சொல்தான் என்னை இப்படிப் பேச வைக்கிறது. கைவிட்டது யார் என்று சொல்லாமலே தப்பிக்க நம் மொழியில் இப்படி ஒரு வசதி. ஹெப்ரோனை அங்கே வாழ்ந்த இனுயிட் பழங்குடி மக்கள் கைவிடவில்லை. 1959-இல் அவர்களைத் தேவாலயத்துக்குள் கூட்டிவைத்து, மிஷனும் கடையும் மூடப்போகின்றன என்று சொன்னார்கள். தேவாலயத்தில் எதிர்த்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கேட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். தெற்கே நெயின், ஹோப்டேல், மக்கோவிக் என்று பிரித்து அனுப்பினார்கள். போன இடத்தில் நல்ல வேட்டைக் காடும் மீன்பிடிக்கும் இடமும் ஏற்கெனவே அந்தந்த ஊர்க்காரர்களுக்கு. இவர்களுக்கு ஊர் ஓரத்தில் ஒரு வீடு. 2005-இல் மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது, 46 வருஷம் கழித்து. அதே கரையில் ஓக்காக் என்று இன்னொரு ஊர். 1918-இல் மிஷன் கப்பலோடு வந்த விஷக்காய்ச்சலில் 263 பேரில் 204 பேர் செத்துப்போனார்கள். அதையும் கைவிடப்பட்ட ஊர் என்றுதான் எழுதுவார்கள்.

அந்த 1959-இல் என் அப்பா இங்கே நீலகிரியில் குந்தாவில் சுரங்கப்பாதை வேலையில் இருந்தார். காமன்வெல்த் நாடுகள் ஆசிய நாடுகளுக்கு உதவ வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவி செய்த மின்திட்டம் அது. (கனடாவைக் கூண்டில் ஏற்றவில்லை. அங்கே ஊரை மூடிய கை வேறு, இங்கே பணம் கொடுத்த கை வேறு. வருஷம் ஒன்றாக இருப்பது மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது.) நான் பிறந்ததே ஒரு கேம்பில்தான். தகரக்கூரை வீடுகள், டிஸ்பென்சரி, ஐந்தாவது வரை பள்ளிக்கூடம், சாயங்காலம் ஊட்டியிலிருந்து ஒரு பஸ். வேலை முடிந்ததும் எங்களை யாரும் போகச் சொல்லவில்லை. முதலில் பஸ் நின்றது. அப்புறம் கம்பவுண்டர் மாற்றலாகிப் போனார், பதில் ஆள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பதினோரு பிள்ளைகள் மிஞ்சினோம். போதாது என்று அதையும் மூடினார்கள். "நாமளாத்தான் வந்தோம்" என்று அப்பா சாகும்வரை சொன்னார். அம்மா ஒத்துக்கொண்டதே இல்லை. "பஸ்ஸ நிறுத்தினது நாமளா?" என்பார்.

சர்க்கார் வீடு, வாசல் சாவியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டோம். சமையலறை அலமாரிக்கு அம்மா சொந்தக் காசில் வாங்கிப் போட்ட திண்டுக்கல் பூட்டின் சாவி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். நீலகிரியில் பேய் கிராமமாம். டார்ச் வெளிச்சம், யாரோ மூச்சு வாங்குகிறார்கள், உண்ணிச்செடி ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. சுவரில் ஒரு அலமாரிப் பள்ளம். பலகையைப் பெயர்த்துப் போய்விட்டார்கள். மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி. "இங்கதான் ஒரு பொம்பள தூக்கு மாட்டிக்கிட்டாங்களாம்" என்கிறது ஒரு குரல். தூக்கு மாட்டியது உண்மைதான். பால் தூக்கு. பூனை எட்டக்கூடாது என்று அம்மா தினமும் ராத்திரி அங்கேதான் மாட்டுவார்.

பையன் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டான். அவன் போன பிறகு கொஞ்ச நேரம் அழுதேன், அது வேறு.

சரி, நீங்கள் கேட்டது இடிபாடுகளைப் பற்றி. கேம்புக்கு நான் வழி சொல்ல மாட்டேன். உங்களைக் கூட்டிப்போன படகுக்காரர்களுக்கு இப்போதே எழுதி அந்த அம்மாளின் பெயரைக் கேளுங்கள். அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு டிசம்பரில் வீட்டுக்கு வாருங்கள், சாவியைக் காட்டுகிறேன். எங்கள் தெருப்பக்கம் வந்துகொண்டிருந்த ஆறு மணி பஸ்ஸைப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடியுங்கள்.