பாண்டிச்சேரி பிரெஞ்சு ஸ்டாம்ப்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

இருபது வருஷத்துக்கு மேல பிரெஞ்சு இந்தியா ஸ்டாம்ப் மட்டும்தான் சேக்குறேன், அதாவது பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, யானம், சந்திரநாகூர் அஞ்சுக்கும் சேத்துப் போட்டது, வேற நாட்டுப் பக்கமே போறதில்ல. கேள்வி நிறைய வந்துடுச்சு, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

சார், பாண்டிச்சேரிக்குன்னு தனி ஸ்டாம்ப் எப்போ வந்துச்சு, எப்போ நின்னுச்சு?

1892ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லா பிரெஞ்சு காலனிக்கும் பொதுவா இருந்த ஸ்டாம்பையே இங்கயும் ஒட்டுனாங்க. 1892 செட்ல 13 ஸ்டாம்ப், ஆனா படம் நமக்குன்னு வரைஞ்சது இல்ல, ஆப்பிரிக்காலேர்ந்து பசிபிக் தீவு வரைக்கும் அதே படம்தான், அடியில இருக்குற சின்ன கட்டத்துல காலனி பேரை மட்டும் சிவப்புலயோ நீலத்துலயோ தனியா அடிச்சிருப்பாங்க. லென்ஸ் வெச்சுப் பாத்தீங்கன்னா சிலதுல அந்தப் பேர் கட்டத்துக்குள்ள கொஞ்சம் சாஞ்சு ஒதுங்கி நிக்கும், எனக்கு அது ரொம்பப் புடிக்கும். நம்ம மண்ணு படம் வந்தது 1914ல: பிரம்மா உக்காந்திருக்குறது ஒண்ணு, கோயில் ஒண்ணு. 1954 நவம்பர் 1 நிர்வாகம் இந்தியா கைக்கு வந்ததோட கதை முடிஞ்சுது. வங்காளத்துல இருக்குற சந்திரநாகூர் மட்டும் 1950லயே இந்தியா பக்கம் வந்துடுச்சு.

அண்ணே என்கிட்ட ஒரு ஸ்டாம்ப்ல 1 எஃப்.ஏ 12 சி.ஏன்னு போட்டிருக்கு. அது என்ன கணக்கு?

சூப்பர் கேள்வி தம்பி. சி.ஏன்னா காஷ், நம்ம காசு. எஃப்.ஏன்னா ஃபனோன், நம்ம பணம். ரெண்டுமே தமிழ்லேர்ந்து ஐரோப்பாக்காரன் வாய்க்குப் போய் திரும்பி வந்த வார்த்தை. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபா. அப்போ உங்க ஸ்டாம்ப் ஒன்றரைப் பணம், அதாவது 36 காசு. 1923 வரைக்கும் ஸ்டாம்ப்ல பிரெஞ்சு நாணயமான ஃப்ராங்க், அதுல நூறுல ஒரு பங்கான சாந்தீம்னுதான் இருக்கும், அந்த வருஷம் பழைய பிரம்மா, கோயில் ஸ்டாம்ப் மேலயே காசு, பணம், ரூபான்னு புது விலைய அடிச்சு வித்தாங்க. பிரெஞ்சு சர்க்கார் ஸ்டாம்ப்ல நம்ம சந்தைக் கணக்கு உக்காந்திருக்கு பாருங்க, நான் இந்தப் பைத்தியத்துல விழுந்ததே அதனாலதான்.

தாத்தா ஆல்பம் கெடச்சுது, 1931, 1937 எக்ஸ்போ ஸ்டாம்ப், 1948 அப்சரஸ் செட் எல்லாம் புதுசா அப்படியே இருக்கு. லட்சத்துல போகுமா?

போகாது, கோச்சுக்காதீங்க. இதெல்லாம் பாரிஸ்ல கலெக்டருக்குன்னே எக்கச்சக்கமா வித்த சரக்கு, ஒட்டாத ஸ்டாம்ப் இன்னைக்கும் ஈஸியா கெடைக்கும். அதே ஸ்டாம்ப் நிஜமாவே ஒரு கவர்ல ஒட்டி, முத்திரை குத்தி, ஒரு வீட்டுக்குப் போய்ச் சேந்திருந்தா அது வேற விஷயம். அதனால ஆல்பத்த விட்டுட்டு தாத்தாவோட பழைய பெட்டில லெட்டர் கட்டு ஏதாவது இருக்கான்னு மொதல்ல தேடுங்க. காரைக்கால், பாண்டிச்சேரி ஆளுங்க எத்தனை பேர் அப்போ பிரெஞ்சுக்காரன் கையில இருந்த வியட்நாம் சைகோன்ல வேலை பாத்தாங்க, அங்கேர்ந்து வந்த லெட்டர் எல்லாம் பரண்ல இருக்கும், வீட்டைக் காலி பண்றப்போ எரிச்சுடுவாங்க, பாத்தா வயிறு எரியும்.

கவர்லேர்ந்து ஸ்டாம்ப தண்ணில ஊறப்போட்டு எடுக்கலாமா?

ஐயோ வேணாம்க்கா. ஒரு தடவ நானே அந்தத் தப்ப பண்ணேன், காலேஜ் படிக்கிறப்போ, காரைக்கால் முத்திரையோட ஒரு கவர, கிண்ணத்துல போட்டு ஸ்டாம்ப உரிச்சு எடுத்து கவரக் குப்பைல போட்டுட்டேன். கையில மிஞ்சுனது அரைவட்டத்துல "காரி"ன்னு மட்டும் தெரியுற ஒரு ஸ்டாம்ப் (பிரெஞ்சுல காரைக்கால் காரிகால்னு இருக்கும்). இன்னும் வெச்சிருக்கேன், தண்டனை மாதிரி.

டூப்ளிகேட்ட எப்படி கண்டுபிடிக்கிறது?

1892 டைப்ப ஜெனீவால ஃபூர்னியேன்னு ஒருத்தர் அடிச்சுத் தள்ளுனார், நகல்னு சொல்லியேதான் வித்தார், ஆனா கை மாறி கை மாறி ஒரிஜினல்னு ஆயிடுச்சு. ஒரிஜினல்ல பெர்ஃபரேஷன், அதாவது ஓரத்து ஓட்டை, குறுக்க 14, நெடுக்க 13½ இருக்கணும், 2 செ.மீ.ல எத்தனை ஓட்டைங்குற கணக்கு, அத அளக்குற கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. அத விட பெரிய தலைவலி "ஃப்ரான்ஸ் லிப்ர்" (சுதந்திர ஃப்ரான்ஸ்) ஓவர்பிரிண்ட், அதாவது அச்சான ஸ்டாம்ப் மேல அப்புறமா அடிச்ச எழுத்து. 1940 செப்டம்பர்ல பாண்டிச்சேரி கவர்னர் போன்வேன், ஜெர்மனிய எதிர்த்து சண்டையத் தொடர்ந்த சுதந்திர ஃப்ரான்ஸ் தலைவர் தெ கோல் பக்கம் சேந்தார், அதுக்கப்புறம் இருந்த ஸ்டாக் மேல இத அடிச்சாங்க. ஸ்டாம்ப் ஒரிஜினல், மேல இருக்குற எழுத்து மட்டும் போலின்னு வரும், அதான் ஆபத்து. சர்ட்டிபிகேட் இல்லாம காஸ்ட்லியா எதையும் வாங்காதீங்க. லண்டன்ல அச்சடிச்ச 1942 தாமரைப்பூ செட்ல அந்த பயம் வேணாம், விலையும் கம்மி, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது.

பெத்தேன் முகம் போட்ட பிரெஞ்சு இந்தியா ஸ்டாம்ப் ரேர்னு ஒரு டீலர் சொன்னாரே?

அது 1941ல விஷி அரசாங்கம், அதாவது ஜெர்மனிக்குப் பணிஞ்சு பெத்தேன் தலைமையில நடந்த அரசாங்கம், ஃப்ரான்ஸ்ல போட்டது, பாண்டிச்சேரி கவுன்ட்டர்ல விக்கவே இல்ல. சும்மா ஆல்பத்துல எடத்த நிரப்பத்தான். அதுல பாண்டிச்சேரி முத்திரை இருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

எந்த ஊர் முத்திரை கஷ்டம்?

பாண்டிச்சேரி நிறைய வரும், காரைக்கால் அடுத்து. மாஹே தேடணும். யானம் தான் கஷ்டம், குட்டி ஊர், முத்திரைல யானஓன்னு பிரெஞ்சு ஸ்பெல்லிங்ல இருக்கும், தெரியாம டீலர் சாதா விலைக்கு விட்ருப்பார். நான் ரெண்டே ரெண்டு தான் புடிச்சிருக்கேன்.

மழைக்காலத்துல ஸ்டாம்ப் எல்லாம் பழுப்பு புள்ளி புள்ளியா ஆகுது சார்

பூஞ்சை. பீரோவ வெளிச்சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, ஸ்டாக் புக்க படுக்க வைக்காம நிக்க வைங்க, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு ஐப்பசி, கார்த்திகைல அடிக்கடி மாத்துங்க. பிவிசி கவர் வேணாம். புள்ளி வந்தத தனியா எடுத்து வெச்சுடுங்க, மத்ததுக்குப் பரவும். வீட்ல ப்ளீச் போட்டு சுத்தம் பண்ண மட்டும் போயிடாதீங்க, கலரும் போயிடும்.