தாளம் தப்பாமல் விளையாட: வாசகர் கேள்வி – பதில்

இசைக்கு ஏற்ப விசையைத் தட்டியும், பாயின் மேல் அடி வைத்தும், ஒலிவாங்கியில் பாடியும் ஆடுகிற தாள வீடியோ விளையாட்டுகள் குறித்து வந்திருந்த கேள்விகளை இந்த இதழில் ஒருசேரத் தந்திருக்கிறோம். இணையத்தில் எது எங்கே கிடைக்கும் என்பதே பெரும்பாலோரின் கேள்வி. ஆகவே பதில்களும் அதையொட்டியே அமைகின்றன.

கேள்வி: கிட்டார் வடிவக் கருவியில் ஐந்து வண்ணப் பொத்தான்களை அழுத்தி ஆடும் விளையாட்டைக் காணொளிகளில் பார்த்திருக்கிறேன். என்னிடம் சாதாரண மடிக்கணினி மட்டுமே உள்ளது. செலவில்லாமல் தொடங்க வழி உண்டா? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: உண்டு. நீங்கள் பார்த்தது, ஹார்மோனிக்ஸ் உருவாக்கி ரெட்ஆக்டேன் 2005-இல் வெளியிட்ட 'கிட்டார் ஹீரோ'வாகவோ, அதன் பாணியில் பின்னாளில் ரசிகர்கள் எழுதிய 'குளோன் ஹீரோ'வாகவோ இருக்கலாம். குளோன் ஹீரோ இலவசமானது. அதன் முதல் முழுப் பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. கிட்டார் கருவி இல்லாமல், விசைப்பலகையில் உங்களுக்கு வசதியான ஐந்து விசைகளைக் குறித்துக்கொண்டும் ஆடலாம். இந்த யோசனை புதிதன்று. 2006-இல் பின்லாந்தில் உருவான 'ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர்' என்ற கட்டற்ற விளையாட்டில், விசைப்பலகையைக் கையில் தூக்கிக் கிட்டார் போலப் பிடித்து, மேல்வரிசையின் எஃப்1 முதல் எஃப்5 வரையான விசைகளை ஒரு கையாலும், என்டர் விசையை மறுகையாலும் அழுத்துவார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும், ஆடுபவருக்கு வராது.

எந்த நேரத்தில் எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்புக் கோப்புகளை, அதாவது ஆட்டக்காரர்கள் 'சார்ட்' என்று சொல்வதை, 'கோரஸ் என்கோர்' என்ற தேடுதளத்தில் பாடலின் பெயர், கலைஞர், கருவி, சார்ட்டை எழுதியவர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். தேடும்போது பாடலைவிட எழுதியவரைக் கவனியுங்கள். ஒரே பாடலுக்குப் பலர் எழுதியிருப்பார்கள். காதில் விழும் கிட்டார் இசையை அப்படியே விரலுக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒருவரை அடையாளம் கண்டுகொண்டால், அவர் எழுதிய மற்றவற்றையும் நம்பி எடுக்கலாம்.

கிட்டார் பாணி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் 'ஒஸு!' இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீன் ஹெர்பர்ட் 2007 செப்டம்பரில் வெளியிட்ட இதில், சுட்டியால் வட்டங்களைத் தொடும் முறை, ஜப்பானிய மேளத்தைப் போல அடிக்கும் முறை, பழம் பிடிக்கும் முறை, மேலிருந்து இறங்கும் குறிப்புகளை விசைகளால் பிடிக்கும் முறை என நான்கு வகை ஆட்டங்கள் உள்ளன. அதன் விக்கியில் ஆட்ட விதிகள் முதல் குறிப்பு எழுதும் நெறிமுறைகள் வரை எல்லாம் விரிவாக எழுதப்பட்டிருப்பதால், இந்தத் துறையில் நுழையும் எவருக்கும் அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

கேள்வி: வணிக வளாகத்தில் அம்புக்குறிகளின் மேல் கால் வைத்து ஆடும் இயந்திரத்தை என் மகள் மிகவும் விரும்புகிறாள். வீட்டில் அதைப் போல ஏதும் செய்ய முடியுமா? (குடும்பத்தலைவி, சென்னை)

பதில்: அந்த இயந்திரங்களுக்கெல்லாம் மூத்தது, கொனாமி நிறுவனம் 1998-இல் ஜப்பானில் வெளியிட்ட 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்'. அதே ஆட்டத்தைக் கணினியில் ஆடுவதற்கு 'ஸ்டெப்மேனியா' என்ற கட்டற்ற மென்பொருள் உள்ளது. அதிலிருந்து கிளைத்து இன்றும் மேம்படுத்தப்பட்டு வருவது 'ஐடிஜிமேனியா'. புதிதாக நிறுவுபவர்கள் இதையே எடுத்துக்கொள்வது நல்லது. யுஎஸ்பி இணைப்புள்ள மடக்குப் பாய் ஒன்று போதும். பளிங்குத் தரையில் அது வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். அடுக்ககத்தில் குடியிருந்தால் கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்த ஊரில் எந்த இயந்திரம் இருக்கிறது, எந்தப் பாடல் எந்தப் பதிப்பில் வந்தது போன்ற விவரங்களை ரசிகர்கள் தொகுத்திருக்கும் தளம் 'ஜெனியஸ் ஐ வானிஷர்'.

கேள்வி: சரியாகத்தான் தட்டுகிறேன், ஆனாலும் எல்லாமே தாமதம் என்று விளையாட்டு காட்டுகிறது. வேகமான கணினி வாங்க வேண்டுமா? (பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். முதலில் காதிலிருக்கும் புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கம்பியுள்ள ஒன்றை மாட்டிப் பாருங்கள். புளூடூத் வழியாக வரும் ஒலி 100 முதல் 250 மில்லி விநாடி வரை பின்தங்குவது சாதாரணம். ஸ்டெப்மேனியாவின் இயல்பான அமைப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற, குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் 22.5 மில்லி விநாடிக்குள் தட்டியாக வேண்டும். 180 மில்லி விநாடிக்கு மேல் விலகினால் மிகத் தாழ்ந்த மதிப்பீட்டின் எல்லையையும் தாண்டிவிடும். தொலைக்காட்சித் திரையில் ஆடுபவர்கள் அதிலுள்ள 'கேம் மோடு' என்ற அமைப்பை இயக்கினால், படம் தாமதிப்பதும் குறையும்.

எஞ்சும் தாமதத்தை விளையாட்டிலேயே ஈடுகட்டலாம். மேலே சொன்ன எல்லா விளையாட்டுகளிலும் 'ஆஃப்செட்' என்ற ஓர் அமைப்பு உண்டு. பாடல் முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதால், ஒலி எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு படத்தையும் மதிப்பீட்டையும் தள்ளிவைத்தால் மூன்றும் ஒன்றிவிடும். ஒஸு!வின் புதிய பதிப்பு, நீங்கள் ஆடி முடித்த பாட்டில் சராசரியாக எவ்வளவு முந்தினீர்கள் அல்லது பிந்தினீர்கள் என்று கணக்கிட்டு, அந்த அளவைத் தானே பரிந்துரைக்கிறது. ஆனால் தாமதம் நிலையாக இருந்தால்தான் இது பலிக்கும். அதோடு, நீங்கள் தட்டும்போது எழும் தட்டொலியை இந்தத் திருத்தம் முன்னே கொண்டுவராது. ஒலி புறப்படுவதே உங்கள் விரல் பட்ட பிறகுதான் என்பதால் அது பிந்தியே கேட்கும், உங்களையும் இழுக்கும். அந்தத் தட்டொலியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்.

கேள்வி: மிருதங்கம் பயில்கிறேன். கண்ட நடையிலும் மிஸ்ர நடையிலும் பயிற்சி செய்ய இந்த மென்பொருள்களைப் பயன்படுத்த முடியுமா, அல்லது மேற்கத்திய இசைக்கு மட்டும்தான் இவை பொருந்துமா? (மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நமக்கு வந்த கேள்விகளில் மிகவும் சுவையானது இதுதான். நடை என்பது ஓர் அடியை, அதாவது தாளத்தின் ஒரு தட்டை, எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது: திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு. ஸ்டெப்மேனியா ஓர் அடியை 48 சம பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் அந்தப் பங்குகளில் ஒன்றின் மேல்தான் உட்கார முடியும். 48-ஐ நான்கால் வகுத்தால் 12, மூன்றால் வகுத்தால் 16. எனவே சதுஸ்ரமும் திஸ்ரமும் பிசிறின்றி அமைகின்றன. ஐந்தால் வகுத்தால் 9.6 வரும். கண்ட நடையின் இரண்டாவது அட்சரம் 9.6-இல் விழ வேண்டியிருக்க, மென்பொருள் அதை 10-இல் வைக்கும், அடுத்தது 19.2-க்குப் பதிலாக 19-இல் அமரும். ஏழால் வகுக்கும் மிஸ்ரத்திலும் இதே கதைதான்.

இதனால் எவ்வளவு கெடும்? நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 10.4 மில்லி விநாடி. கண்டத்தில் வரும் மிக அதிகமான பிழை 0.4 பங்கு, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல், மிஸ்ரத்தில் 4.5-ஐ ஒட்டி வரும். முந்தைய பதிலில் சொன்ன 22.5 மில்லி விநாடி எல்லைக்குள் இது எளிதாக அடங்கிவிடும், காதுக்கும் எட்டாது. காலத்தைக் குறைத்து விளம்பத்தில் வைத்தால் பிழை வளரும். நிமிடத்துக்கு 40 அடி என்றால் மும்மடங்காகும். இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் ஒஸு!வுக்குப் போகலாம். அது குறிப்புகளின் நேரத்தை மில்லி விநாடியில் எழுதிவைப்பது. அதன் புதிய எடிட்டரில் ஓர் அடியை ஐந்தாகவோ ஏழாகவோ பிரித்துக் கோடு காட்டச் செய்யவும் முடியும்.

நடையைவிடப் பெரிய சிக்கல் காலப்பிரமாணம்தான். கச்சேரிப் பதிவில் தனியாவர்த்தனம் தொடங்கிய வேகத்திலேயே முடிவது அரிது. மிகச் சிறிய அளவேனும் ஏறியிருக்கும். ஒரே வேக எண்ணை வைத்து எழுதினால் இரண்டு நிமிடத்துக்குள் குறிப்புகள் இசையை விட்டு விலகிவிடும். ஆகவே சில ஆவர்த்தனங்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) ஒருமுறை, சுற்று தொடங்கும் சமத்தில் ஒரு புதிய வேகப் புள்ளியை இட்டுக்கொண்டே போக வேண்டும். இரண்டு மென்பொருள்களும் இதற்கு இடம் தருகின்றன. ஸ்டெப்மேனியாக் கோப்புகளை எழுத உதவும் 'ஆரோவோர்டெக்ஸ்' என்ற எடிட்டர், பாடலின் வேகத்தைத் தானே கணித்துத் தரும். ஆனால் சீரான வேகமுள்ள பதிவுகளில்தான் அதை நம்பலாம். பதிவை எம்பி3-ஆக வைக்காமல் ஓஜிஜி வடிவத்தில் வையுங்கள். எம்பி3-ஆக மாற்றும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொண்டு, ஒத்திசைவைக் குலைக்கும்.

ஓர் எச்சரிக்கை: எப்போது தட்டினீர்கள் என்பதை மட்டுமே இவை அளக்கும். நாதம், தொப்பியில் (மிருதங்கத்தின் இடது முகத்தில்) எழும் கும்கி, விரல்பதம் எதுவும் இவற்றுக்குத் தெரியாது.

கேள்வி: தமிழ்ப் பாடல்களைப் பாடி மதிப்பெண் பெறும் விளையாட்டு ஏதேனும் உண்டா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: 'அல்ட்ராஸ்டார் டீலக்ஸ்' என்ற இலவச மென்பொருளில் நீங்களே அமைத்துக்கொள்ளலாம். ஒரு பாடலுக்கு ஓர் ஒலிக்கோப்பும் ஓர் எளிய உரைக்கோப்பும் போதும். உரைக்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் ஓர் அசை, அது தொடங்கும் இடம், நீளம், சுருதி ஆகியவை இருக்கும். தமிழ் எழுத்தை யூனிகோடில் தட்டினால் ஏற்றுக்கொள்ளும். 'யுஎஸ்டிபி' என்ற தொகுப்புத் தளத்தில் பிறர் எழுதிய உரைக்கோப்புகளைப் பார்த்து முறையைப் பழகிக்கொள்ளலாம். பாடலின் ஒலியை அந்தத் தளம் தருவதில்லை.

இது அளப்பது சுருதியை மட்டுமே. சொற்களை மாற்றிப் பாடினாலும் மதிப்பெண் கிடைக்கும். ஸ்தாயி மாறினாலும் கவலையில்லை. ஆனால் ஒவ்வோர் அசையையும் நேரான ஒரே சுவரமாகக் கொள்வதால், கமகம் (சுவரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த பாடலில் நன்றாகப் பாடுபவருக்கே குறைவாகக் கிடைக்கும். எளிய நிலையில் இரண்டு அரைச்சுவரம் வரை விலகலாம், கடின நிலையில் விலகவே கூடாது. ராகம் சார்ந்த திரைப்பாடல்களை எளிய நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படிப் பாடல்களைப் பதிவிறக்குவது சட்டப்படி சரியா? (வழக்கறிஞர் அலுவலக உதவியாளர், மதுரை)

பதில்: குறிப்புக் கோப்பு ஒருவரின் உழைப்பு, ஒலிப்பதிவு இன்னொருவரின் சொத்து. ரசிகர் தளங்களில் இரண்டும் ஒரே பொதியில் வருவதுதான் சிக்கல். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. தியாகராஜரின் கீர்த்தனை எல்லோருக்கும் பொது. சென்ற வருடம் ஒருவர் பாடி வெளியிட்ட அதன் பதிவு பொதுவன்று. நிம்மதியாக ஆட விரும்புவோர், ஒஸு!வில் 'ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்' என்ற பகுதியில் உரிமம் பெற்றுச் சேர்க்கப்பட்ட பாடல்களை எடுக்கலாம். 'ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ்' போன்ற தளங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு (பகிர்ந்துகொள்ள உரிமையாளரே முன்கூட்டித் தரும் அனுமதியோடு) கிடைப்பவற்றுக்கு நீங்களே குறிப்பு எழுதலாம். உங்கள் வீட்டுக் கச்சேரியில் இப்படிப் பொதுவான கீர்த்தனையை நீங்களே பதிவுசெய்தால், பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் சம்மதம் போதும்.

கேள்வி: பழைய ஜப்பானியத் தாள விளையாட்டுகளின் பாடல்களைப் பற்றி எங்கே படிக்கலாம்? (வங்கி ஊழியர், புதுச்சேரி)

பதில்: கொனாமியின் 'பீட்மேனியா' 1997 இறுதியில் ஜப்பானிய விளையாட்டுக்கூடங்களுக்கு வந்தது. அந்தக் குடும்பத்துப் பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் கலைஞர், வேகம், எந்தெந்த விளையாட்டில் இடம்பெற்றது, எத்தனை கடினம் என்று பக்கம் ஒதுக்கியிருக்கும் ஆங்கிலக் களஞ்சியம் 'ரெமிவிக்கி'. இசைத்தட்டு விவரங்களுக்கு 'விஜிஎம்டிபி'யை நாடலாம்.

படிப்பதோடு நிற்காமல் ஆடவும் விரும்பினால், 1998-இல் ஜப்பானிய ரசிகர்கள் வகுத்த 'பிஎம்எஸ்' வடிவத்தைத் தேடுங்கள். இதில் பாடல் சிறுசிறு ஒலித்துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் விசையைத் தட்டினால்தான் அந்தத் துண்டு ஒலிக்கும், தவறவிட்டால் பாட்டில் ஓட்டை விழும். ஆகையால் மேலே சொன்ன ஆஃப்செட் திருத்தம் இங்கே முழுதாக உதவாது, கம்பியுள்ள ஒலிபெருக்கி கட்டாயம். 2004 முதல் 'பிஓஎஃப்' என்ற பெயரில் நடக்கும் போட்டிகளுக்கு இசையமைப்பாளர்கள் தங்கள் சொந்தப் பாடல்களைக் குறிப்புகளோடு இலவசமாகவே வெளியிடுகிறார்கள். அவற்றை ஆட 'பீட்டோராஜா' என்ற திறந்த மூல மென்பொருள் போதுமானது. தளங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருந்தாலும், உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைக் கொண்டு பதிவிறக்கப் பொத்தானைக் கண்டுபிடித்துவிடலாம்.