பாலைவன ரேஸில் எதிராளி ஏன் வண்டியை நிறுத்துகிறான்? கேள்வி பதில்

பாஹா 1000, டக்கார் போன்ற பாலைவனப் பந்தயங்களில் போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வரி: சான் டியேகோவில் வேலை. நான் ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை. எல்லை தாண்டி மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் பந்தயம் நடக்கும்போது ஒரு சின்ன அணிக்கு சேஸ் வண்டி (ரேஸ் வண்டிக்கு உதவியாகப் பின்தொடரும் வண்டி) ஓட்டுவேன், பிட்டில், அதாவது வழியில் வண்டி நின்று போகும் இடத்தில், பெட்ரோல் ஊற்றுவேன், மற்ற நேரம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

புழுதிக்காடன்: அண்ணா, ரேஸுன்னா ஜெயிக்கத்தானே போறாங்க? முன்னாடி போறவன் கவுந்தா நமக்கு ஒரு இடம் லாபம். நிக்கிறவன் ஏமாளி இல்லையா?

தம்பி, சர்க்யூட் ரேஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அங்கே வண்டி சுவரில் மோதினால் அடுத்த நிமிஷம் மார்ஷல் வந்து நிற்பார். பாஹாவில் ஒரு பள்ளத்தாக்கில் வண்டி கவிழ்ந்தால், தரைவழியே ஆம்புலன்ஸ் வந்து சேர மணிக்கணக்கில் ஆகலாம். இருட்டிலும் பனிமூட்டத்திலும் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. அப்படியென்றால் உங்களிடம் முதலில் வந்து சேரப் போகிறவர் யார்? உங்களைத் துரத்திக்கொண்டு வரும் எதிராளிதான். நீங்கள் தாண்டிப் போன ஆளும் அவர்தான்.

இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1967இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதல் பந்தயம் நடந்தபோது தீபகற்பத்தின் நீளத்துக்கும் தார்ச்சாலையே கிடையாது. அந்த நெடுஞ்சாலை முழுமையானது 1973இல்தான். மேயர்ஸ் மேன்க்ஸ் என்ற சின்ன மணல்வெளிக் காரில் விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும் 27 மணி 38 நிமிஷத்தில் வந்து ஜெயித்தார்கள். வழியில் நின்றுபோனவர்களுக்குப் பின்னால் வருகிறவனை விட்டால் வேறு கதி இல்லை. இதில் பெரிய தர்மசிந்தனை எதையும் நான் பார்க்கவில்லை. இன்று நீ, நாளை நான் என்கிற கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கு ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தவறாமல் நடந்துவருகிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கணக்குப்பிள்ளை: நின்று உதவினால் இழக்கும் நேரம் போனது போனதுதானா, சார்?

டக்காரில் போகாது. விபத்தில் சிக்கியவருக்காக நின்றவரின் நேரத்தை, வண்டியில் பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ் கருவியின் பதிவைப் பார்த்து அமைப்பாளர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள்: நிற்கிற அந்த நொடியில் யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. கொடுப்பார்களா, எத்தனை நிமிஷம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் சாயங்காலம்தான் தெரியவரும். தாளம் கெட்டுப் போகும், உடம்பு ஆறிவிடும், மனசும் கலங்கிவிடும். அதை எந்தக் கருவியும் அளந்து கொடுக்காது.

மணல்மேடு: நிஜமாக நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்கள் அண்ணா. பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்கவில்லை.

போர்ச்சுக்கல்லைச் சேர்ந்த பாவ்லோ கொன்சால்வெஸ். 2016 டக்கார், பொலிவியாவின் உயுனியிலிருந்து அர்ஜென்டினாவின் சால்ட்டாவுக்குப் போகும் ஏழாவது ஸ்டேஜ் (டக்காரில் ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்). பைக் பிரிவில் அவர்தான் முன்னணியில் இருக்கிறார். வழியில் ஆஸ்திரிய வீரர் மத்தியாஸ் வால்க்னர் தொடை எலும்பு முறிந்து கிடக்கிறார். இருவரும் வேறு வேறு கம்பெனி வண்டிக்காரர்கள். கொன்சால்வெஸ் பைக்கை நிறுத்தி, மருத்துவக் குழு வரும்வரை கூடவே இருந்துவிட்டுத்தான் கிளம்பினார். நேரத்தைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் அவரால் அந்த டக்காரை முடிக்க முடியவில்லை. சில நாள் கழித்து அவரே விழுந்து வெளியேறினார். அந்த வருஷம் ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ்.

நான்கு வருஷம் கழித்து, 2020 ஜனவரி 12. டக்கார் முதல்முறையாக சவூதி அரேபியாவில் நடக்கிறது. ரியாத்திலிருந்து வாடி அல் தவாசிர் போகும் ஸ்டேஜில், 276ஆவது கிலோமீட்டரில் கொன்சால்வெஸ் விழுந்தார். அப்போது அவர் ஓட்டியது நம்ம ஊர் ஹீரோ நிறுவனத்தின் பைக். நின்றவர்களில் ஒருவர் அதே டோபி பிரைஸ். பட்டத்தைக் காப்பாற்ற வந்திருந்த நடப்புச் சாம்பியன் அவர். ஸ்லோவாக்கியாவின் ஸ்டீபன் ஸ்விட்கோவும் நின்றார். கொன்சால்வெஸ் பிழைக்கவில்லை. வயது 40. மறுநாள் பைக்குகளுக்கான ஸ்டேஜை ரத்து செய்தார்கள், ஹீரோ அணி பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. வால்க்னரும் அந்தப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இந்தப் பதிலுக்கு மேல் எழுத எனக்கு வரவில்லை, அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

ஓசூர்க்காரன்: நம்ம ஆட்கள் யாராவது இதில் இருக்கிறார்களா?

உங்கள் ஊர் டிவிஎஸ்ஸே இருக்கிறதே! பிரான்ஸின் ஷெர்கோவோடு சேர்ந்து அணி நடத்தினார்கள். அதில் ஓட்டிய கேரளத்து ஹாரித் நோவா 2024 டக்காரில் ரேலி 2 என்ற, பைக்குகளின் இரண்டாம் நிலைப் பிரிவில் முதலாவதாக வந்தார், மொத்தத்தில் 11ஆவது இடம். அதற்கு முன்னால் பெங்களூரு சி.எஸ். சந்தோஷ், டக்காரை முடித்த முதல் இந்தியர், 2015இல். 2021இல் அவரும் சவூதியில் மோசமாக விழுந்தார். ஹெலிகாப்டரில் ரியாத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, மீண்டுவிட்டார்.

ஸ்பேனர்: வண்டி ரிப்பேர் ஆனால் சொந்த மெக்கானிக் வரமாட்டாரா? எதற்கு எதிராளியிடம் கையேந்த வேண்டும்?

நல்ல கேள்வி. டக்கார் ஸ்டேஜுக்குள் வெளியாள் வண்டியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் தண்டனை. ஆனால் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சக போட்டியாளர் உதவலாம். கட்டி இழுக்கலாம், டூல்ஸ் தரலாம், தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கலாம். விதியே உங்களை எதிராளியின் தயவில் விட்டுவிடுகிறது.

இதைப் பெரிய அணிகள் வியாபாரமாகவும் ஆக்கிவிட்டன, அதையும் மறைக்க வேண்டாம். நட்சத்திர வீரருக்குப் பாகம் கொடுப்பதற்கென்றே அதே அணியில் இன்னொருவர் பின்னால் வருவார். உதிரிபாகம் ஏற்றிய லாரிகளைப் போட்டியாளராகவே பதிவு செய்து ஓட்டுவார்கள். அதைத் தோழமை என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அது சம்பளத்துக்கு வேலை.

அசல் தோழமை பார்க்க வேண்டுமென்றால் டக்காரில் உதவியாள் இல்லாமல் ஓட்டுகிறவர்களின் பிரிவான மால் மோட்டோ பக்கம் போங்கள். இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பழைய ஆட்கள் இன்னும் இப்படித்தான் சொல்வார்கள். மெக்கானிக் கிடையாது. ஆளுக்கு 80 லிட்டர் பெட்டி ஒன்று, கூடாரம், சில சக்கரங்கள், அவ்வளவுதான். நாள் முழுக்க ஓட்டி வந்து, ராத்திரி தலையில் டார்ச் கட்டிக்கொண்டு அவரவரே ஆயில் மாற்ற வேண்டும். ஒருவர் டயர் மாட்டும்போது இன்னொருவர் ரிம்மை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பிடிக்கிறவருக்குத் தூங்க மிச்சமிருப்பது சில மணி நேரம்தான்.

பம்பர்: பாஹாவில் பின்னால் வரும் லாரி முன்வண்டியை இடித்துத் தள்ளுவதை வீடியோவில் பார்த்தேன். இதுவா தோழமை?

அதற்கு நெர்ஃப் என்று பெயர். பாஹாவின் பெரிய ரேஸ் லாரியான ட்ராஃபி ட்ரக் ஆயிரம் குதிரைத்திறன் வரை இருக்கும். முன்னால் போகும் சின்ன வண்டி கிளப்பும் புழுதியில் அதற்கு ஒன்றுமே தெரியாது. முன்னவருக்கும் பின்னால் யார் என்று தெரியாது. பம்பரில் லேசாக ஒரு தட்டு தட்டினால் ‘வந்துட்டேன், வழி விடுப்பா’ என்று அர்த்தம். வேகமாக மோதினால் அது ரவுடித்தனம், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. இப்போது ஸ்டெல்லா என்ற கருவி எல்லா வண்டியிலும் இருப்பதால் பட்டனை அழுத்தினால் முன்வண்டிக்குள் விளக்கு எரிகிறது. ஆபத்து என்று சொல்லவும் அதிலேயே பட்டன் இருக்கிறது.

ராத்திரிப்பறவை: ரேடியோ கேட்பேன் என்றீர்களே, அதில் என்ன கேட்கும்?

பாதி இரைச்சல்தான். மீதி ‘வெதர்மேன்’. பாப் ஸ்டைன்பெர்கர் என்பவரை அந்தப் பெயரில்தான் எல்லோருக்கும் தெரியும். ரேஸ் ரேடியோ தொழில் நடத்தியவர். பந்தய நாளில் மலையுச்சியில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு எட்டாத இடங்களுக்கெல்லாம் செய்தியை வாங்கி மாற்றிக் கொடுப்பார். எந்த அணி என்ற பேதம் கிடையாது. வண்டி நம்பர், எத்தனாவது ரேஸ் மைல், ஆள் நலமா? இந்த மூன்றும்தான் முதலில். ஆள் நலம் என்று தெரிந்த பிறகுதான் ஆக்ஸில் உடைந்ததா, பெல்ட் அறுந்ததா என்ற விசாரணையெல்லாம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் போய்ச் சேர்ந்த செய்திகள் எத்தனையோ.

சில்வண்டு: நீங்கள் நேரில் பார்த்ததில் மறக்காதது?

சில்ட் என்று ஒரு மண் உண்டு. மணல் இல்லை. மைதா மாதிரி இருக்கும், முழங்கால் வரை புதையும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களுக்கென்று பாஹாவில் கிளாஸ் 11 என்ற பிரிவு இருக்கிறது. வேகம் குறைவு, முடிப்பதே பெரும்பாடு. அப்படி ஒரு பீட்டில் சில்ட்டில் வயிறு தட்டி நின்றுவிட்டது. பின்னால் வந்தது அதே பிரிவுப் போட்டியாளர். பேசாமல் தாண்டியிருந்தால் ஓர் இடம் முன்னேறியிருப்பார். அவர் கெட்டித்தரை வரை போய் நிறுத்தி, வண்டி இழுக்கும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பி வந்தார். மூன்றாவது இழுப்பில் வண்டி வெளியே வந்தது. முடிச்சு இறுகி அவிழவில்லை. பட்டையைக் கத்தியால் அறுத்துவிட்டார், புதுப் பட்டை. இவர் காசு பற்றி ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் ‘ஏறு, ஏறு’ என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் சங்கதி: அவருடைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. காப்பாற்றப்பட்டவர் இறங்கி வந்து தள்ளினார். நாங்களும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து தள்ளினோம்.

எல்லைக்கோடு: உள்ளூர் மக்கள் குழி தோண்டி வைப்பார்களாமே?

உண்மை. வண்டி பறப்பதைப் பார்க்க வேண்டுமென்று தடத்தில் மேடு கட்டுவார்கள், பள்ளம் வெட்டுவார்கள். பெரிய வண்டிக்கு அது வேடிக்கை, பைக் ஓட்டுகிறவருக்கு உயிர்போகிற காரியம். அதே ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு வெல்டிங் மெஷினை இழுத்துக்கொண்டு வருகிறவரும் இருப்பார். ரேஸ்காரர்களும் அந்த மக்களின் வயலையும் பாதையையும் கிழித்துக்கொண்டுதான் போகிறார்கள். பதிலுக்குச் செய்தவர்களும் உண்டு. மோட்டார்சைக்கிள் ஜாம்பவான் மால்கம் ஸ்மித்தின் அறக்கட்டளை பாஹாவில் எல் ஒயாசிஸ் என்ற குழந்தைகள் இல்லத்துக்கு உதவி செய்துவந்தது.

பாஸ்போர்ட்: நானும் கலிபோர்னியாவில் இருக்கிறேன் அண்ணா. தன்னார்வலராக வர முடியுமா?

தாராளமாக வாங்க. சின்ன அணிகளுக்கு ஆள் எப்போதும் போதாது. மேக் 7 போன்ற தன்னார்வ பிட் குழுக்களும் இருக்கின்றன. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, ஆனால் திரும்பி வரவும் அந்த விசா செல்ல வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காருக்கு மெக்சிகோ இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வேலை என்றால் பருத்தித் துணி போதாது, தீப்பிடிக்காத உடை கேளுங்கள், தராத அணியோடு போகாதீர்கள். பந்தயம் நவம்பரில். பகலில் வெயில் காயும், ராத்திரி பல் கிட்டும். கனமான ஜாக்கெட் ஒன்றும், தலையில் கட்டும் டார்ச்சுக்கு உபரி பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள்.