நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா? – கேள்வி பதில்

பெண் குழந்தைக்கு நப்பின்னை என்று பெயர் வைக்க நினைப்பவர்களும், அந்தப் பெயரை எங்கோ கேட்டுவிட்டு யோசனையில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. எனக்கு மிகவும் பிடித்த பெயர் என்பதால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

யார் இந்த நப்பின்னை? மாமியார் இந்தப் பெயரைச் சொன்னார். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. (கும்பகோணம்)

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நப்பின்னை ஆயர் குலத்துப் பெண். ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் அவளைக் கைப்பிடித்தான் என்பது கதை. அவளுடைய தந்தை கும்பன், யசோதையின் உடன்பிறந்தவன் என்று வைணவ மரபு சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அவள் கண்ணனுக்கு மாமன் மகள், சரியான முறைப்பெண்.

திருப்பாவையில் 18, 19, 20 என்று மூன்று பாசுரங்களில் அடுத்தடுத்து அவள் பெயர் வருகிறது. ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். கண்ணனைப் பார்க்க வந்த பெண்கள், முதலில் அவளை எழுப்பி அவள் வழியாகத்தான் அவனிடம் போகிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை என்றதும், உன் கணவனை ஒரு நொடிகூடப் பிரிய மாட்டேன் என்கிறாயே என்று உரிமையோடு கோபித்துக்கொள்கிறார்கள். கடைசியில் உக்கமும் தட்டொளியும், அதாவது விசிறியும் கண்ணாடியும் தந்து அவனையும் எங்களோடு அனுப்பு என்று கேட்கிறார்கள்.

பெயருக்கு என்ன பொருள்? (சேலம்)

‘ந’ என்பது சிறப்பைக் காட்ட முன்னால் சேரும் எழுத்து. நக்கீரர், நப்பூதனார், நச்செள்ளையார் என்று சங்கப் புலவர் பெயர்களில் நிறையப் பார்க்கலாம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சும் பின்னைதான் அவளுடைய பெயர். சிலப்பதிகாரத்தில் ‘பின்னை’ என்று வருகிறது. மணிமேகலையில் ‘பிஞ்ஞை’ என்று வருகிறது.

பின்னை என்றால் பின் பிறந்தவள், தங்கை என்று பொருள். மூதேவிக்கு இளையவள் என்பதால் திருமகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. பின்னிய கூந்தலை உடையவள் என்றும் பொருள் சொல்வார்கள். திருவள்ளுவமாலையில் ஒரு வெண்பா கண்ணனை ‘உபகேசி தோள்மணந்தான்’ என்கிறது. அந்த உபகேசி நப்பின்னைதான் என்பது உரைகாரர்கள் சொல்வது. கேசம் என்றால் கூந்தல். ‘கந்தம் கமழும் குழலி’ என்று ஆண்டாளும் அவளுடைய கூந்தலைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதனால் எனக்கு இந்தக் கூந்தல் பொருள் மேல் தனிப் பிரியம்.

எங்களுக்கு இது முதல் குழந்தை. ‘பின்’ என்று வருகிற பெயரை மூத்த பெண்ணுக்கு வைக்கலாமா? (திருச்சி)

தாராளமாக வையுங்கள். இப்போதுதானே பார்த்தோம், கூந்தல் அழகி என்றும் பொருள் உண்டு.

கண்ணன் மனைவி என்றால் ருக்மிணி, சத்தியபாமாதானே? பாகவதத்தில் நப்பின்னை இருக்கிறாளா? (மும்பை)

அந்தப் பெயரில் இல்லை. பாகவதத்தில் கோசல நாட்டு அரசன் நக்னஜித்தின் மகள் சத்யா வருகிறாள். அங்கேயும் ஏழு காளைகளை அடக்கித்தான் கண்ணன் அவளை மணக்கிறான். ஆனால் அவள் அரசகுமாரி. நம் நப்பின்னை மாடு மேய்க்கும் குடும்பத்துப் பெண். கலித்தொகையின் முல்லைப் பாட்டில், காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தழுவ மாட்டாள் என்று ஓர் அடி உண்டு. நப்பின்னையின் கதை அந்த ஏறு தழுவும் மண்ணைச் சேர்ந்தது.

நாங்கள் வைணவர்கள் இல்லை, சாமி கும்பிடும் பழக்கமும் குறைவு. தமிழ்ப் பெயர் என்பதற்காக வைத்தால் பொருந்துமா? (கோவை)

பொருந்தும். அவளைப் பற்றிப் பேசும் நூல்களைப் பாருங்கள். சிலப்பதிகாரம் பாடிய இளங்கோவடிகளைச் சமணர் என்பார்கள். மணிமேகலை பௌத்தக் காப்பியம். சீவக சிந்தாமணி சமணக் காப்பியம், அதிலும் ஆயர் தலைவன் நந்தகோன் தன் மகள் கோவிந்தையின் திருமணப் பேச்சில் நப்பின்னையை எடுத்துச் சொல்கிறான். எல்லாச் சமயத்தாரும் அறிந்திருந்த பெயர் இது.

சிலப்பதிகாரத்தில் அவள் வரும் இடத்தைக் கட்டாயம் படியுங்கள். மதுரைக்குப் போன கோவலன் திரும்பவில்லை. ஆயர் சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று கலங்கிய மாதரி, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த ஆய்ச்சி, கண்ணகி பார்க்கட்டும் என்று குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை ஏழு சுரங்களாக நிறுத்தி, குரல் என்ற சுரமாக நிற்பவளை மாயவன் என்கிறாள், இளியாக நிற்பவளைப் பலராமன் என்கிறாள், துத்தமாக நிற்பவளைப் பின்னை என்கிறாள். அந்தச் சேரிப் பெண்களுக்கு அவள் தங்களில் ஒருத்தி.

இவ்வளவு பழைய பெயர் ஏன் இவ்வளவு அபூர்வமாகிவிட்டது? மார்கழி முழுக்கப் பாடுகிறோம், பிள்ளைக்கு மட்டும் ஏன் வைப்பதில்லை? (ஸ்ரீரங்கம்)

என் எண்ணத்தைச் சொல்கிறேன். பின்னால் வந்த ஆசாரியர்கள் அவளை நீளா தேவி என்று வடமொழிப் பெயரால் அழைத்தார்கள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் செய்த தனியனே, அதாவது நூலுக்கு முன் சொல்லும் துதிப்பாட்டே, ‘நீளா’ என்றுதான் தொடங்குகிறது. திருமகள், நிலமகள், அடுத்து நீளா என்று மூன்றாமவளாக இடம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலான பெருமாள் கோயில்களில் உற்சவருக்கு இருபுறமும் ஸ்ரீதேவியும் பூதேவியும் மட்டுமே நிற்கிறார்கள். கண்ணில் படாத தெய்வத்தின் பெயர் வாயிலும் வராமல் போவது இயல்புதான். ‘பின்னை மணாளன்’ என்று பெரியாழ்வார் பாடியதைத் தினமும் சொல்கிறவர்கள்கூட அதைக் கண்ணனுக்கு ஒரு பெயராகவே கேட்டுப் பழகிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் ராதை வந்தாள். 12ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் பாடிய கீத கோவிந்தம் தெற்கே பஜனை மடங்கள் வரை வந்து அஷ்டபதியாக ஒலித்தது. கண்ணனின் காதலி என்றால் ராதை என்று ஆகிவிட்டது. தெருவுக்குத் தெரு ராதா இருந்தாள். அவளுக்குப் பல நூற்றாண்டு முன்பே ஆண்டாள் வாசலில் நின்று கூப்பிட்ட பெண்ணை மறந்தோமே என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அப்புறம், காதுப் பழக்கமும் ஒரு காரணம். கோதை, ஔவை, நங்கை என்று ‘ஐ’யில் முடியும் பெயர்கள் போய், ஆ, ஈ என்று நீளும் பெயர்கள் வந்தன. குந்தவை திரும்பி வந்ததற்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வேண்டியிருந்தது. நப்பின்னைக்கு அப்படி ஒரு பெரிய கதை இன்னும் கிடைக்கவில்லை. பெற்றோர்தான் அவளைக் கொண்டுவர வேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், இப்போது டொராண்டோவில். எங்கள் பேச்சில் ‘பின்னை என்ன?’ என்பது அன்றாடச் சொல். பிள்ளையைக் கேலி செய்வார்களோ?

செய்வார்கள், கொஞ்ச நாளைக்கு. பாலக்காட்டிலிருந்து ஒருவரும் மலையாளத்து ‘பின்னே’யை வைத்து இதையே கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு விவரம் தெரியும்போது ஏழு காளைகளையும் அடக்கிய கதையைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் கேலி நெடுநாள் நிற்காது. ‘நப்பு’ என்றோ ‘பின்னு’ என்றோ செல்லமாகக் கூப்பிடலாம்.

நீளா என்பதும் இப்போது எல்லோரும் வைக்கும் நிலா என்பதும் ஒன்றா? (மதுரை)

இல்லை. நிலா வானத்து நிலவு. நீளா வேறு.

இதே போல வேறு அபூர்வப் பெயர்கள் சொல்லுங்கள். (சிங்கப்பூர்)

நச்செள்ளை. விருந்து வரும் என்று கரைந்த காக்கையைக் குறுந்தொகையில் பாடியதால் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றவர் நச்செள்ளையார். பதிற்றுப்பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடியவரும் அவரே. நக்கண்ணை, நப்பசலை இரண்டும் புறநானூற்றுப் பெண் புலவர்களின் பெயர்கள்.

அத்துழாய் என்று ஒரு பெயர் உண்டு, அழகிய துளசி. ராமானுஜரின் ஆசாரியர் பெரிய நம்பியின் மகள் பெயர் அது. ராமானுஜர் திருப்பாவையை முணுமுணுத்தபடி அந்த வீட்டுக்குப் பிட்சைக்குப் போகிறார். ‘செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்’ என்ற அடி வாயில் இருக்கும்போது, வளையல் குலுங்க அத்துழாய் கதவைத் திறக்கிறாள். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று அவர் மயங்கி விழுந்தார். பதறி ஓடிவந்து சொன்ன மகளிடம், அவர் ‘உந்து மதகளிற்றன்’ பாசுரம் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் என்று பெரிய நம்பி கண்டுபிடித்துவிட்டாராம். குருபரம்பரைக் கதைகளில் எனக்கு மிக நெருக்கமானது இது.

பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? (செங்கல்பட்டு)

தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. எழுத்து என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ என்று வரட்டும். ஒரு பி, ஒரு என் என்று சுருக்கினால் வெளியூர்க்காரர்கள் ‘நபினை’ என்று வாசிப்பார்கள். ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தமிழில் எழுதும்போது ‘ப்’ விட்டுப்போகாமல் பார்த்து, படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.