லீவு முடிந்த மறுநாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு படிக்கிறார்கள். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரு ஏக்கரில் தக்காளி போடுகிறார்.

மூன்று ஆண்டுகள் கணவர் காஷ்மீரில் ஃபீல்டு ஏரியாவில், அதாவது ஆபத்து மிகுந்த காவல் பகுதியில் இருந்தார். கைக்கு நல்ல சம்பளம் வந்தது. அதை நம்பி மாடி கட்டக் கடன் வாங்கினோம். கொழுந்தனாருக்குத் தவணையில் பைக் எடுத்துக் கொடுத்தோம். பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினோம். சென்ற ஜூனில் அவருக்குப் பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது சண்டைப் பதற்றம் இல்லாத ஊரிலுள்ள முகாமுக்கு மாறுதல் வந்தது. ஃபீல்டுக்கென்று கொடுத்த படிகள் நின்றதில் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது. தவணைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

ஊரில் எங்களுக்கு மிலிட்டரிக்காரர் வீடு என்றுதான் பெயர். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, எங்கள் மொய் ஒரு படி கூடுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மகளிர் குழுவில் சேரலாமா என்று கேட்டேன். “உனக்கு என்னம்மா குறை?” என்று சிரித்துவிட்டார்கள்.

அவர் லீவில் வந்தால் ஞாயிறுதோறும் கறி, ஒகேனக்கல் பயணம், பர்கூருக்குப் போய் எல்லோருக்கும் துணி, நாத்தனார் பிள்ளைகளுக்கு சைக்கிள். “வருஷம் முழுக்க உங்களுக்கு நான் என்ன செய்தேன்?” என்பார். அந்த முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. சேலத்தில் அவரை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் அடகுக் கடைக்குப் போவேன். முதலில் நான்கு வளையல், பிறகு ஆரம். இரண்டு வட்டி. அவருடைய பழைய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியில் அவர் நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். அதன் அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழேதான் ரசீதுகளை வைத்திருக்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. துப்பாக்கி பிடித்து நிற்கிற மனிதரிடம் வீட்டுக் கவலையைச் சொல்லாதே என்று என் அம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

போன மாதம் பள்ளியில் மைசூர் டூர் போனார்கள். பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்று டீச்சரிடம் சொல்லி, என் மகள் போகாமல் இருந்துவிட்டாள். அவளுடைய தோழியின் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் பஸ்ஸில் ஒருநாளும் வாந்தி எடுத்தவள் இல்லை.

பொங்கலுக்கு வருகிறேன் என்று நேற்று போனில் சொன்னார். சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கணவர் வருகிறார் என்றால் பயப்படுகிற நான் என்ன மனைவி?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புத் தங்கைக்கு,

உங்களுடைய கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்படுவது அவரைப் பார்த்து இல்லை. அவரை அனுப்பிவிட்டுத் திரும்பிய மறுநாள் தனியாக அடகுக் கடைப் படியேறினீர்களே, அந்த நாளைத்தான் உங்கள் மனம் இப்போதே பார்த்துவிடுகிறது. அவர் மேல் பிரியம் குறைந்துவிட்டதாக நினைத்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணவர் ஊதாரி என்று நான் நினைக்கவில்லை. ராணுவத்தில் ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு, மகன் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த நாள், மாமியார் வரப்பில் வழுக்கி விழுந்த நாள் என்று அவர் இல்லாமல் கழிந்த நாட்களை எல்லாம் அந்த லீவுக்குள் ஈடுகட்டப் பார்க்கிறார். அதற்கு அவர் கையில் இருப்பது பணம் ஒன்றுதான். நாத்தனார் பிள்ளைக்கு வாங்கிய சைக்கிளும் ‘நான் இந்த வீட்டு ஆள்தான்’ என்று அவர் சொல்லிக்கொள்வதற்காகத்தான். அதனால்தான் உங்களால் தடுக்க முடியவில்லை. அவர் பாசத்தையே மறுப்பதுபோல உங்களுக்குப் படுகிறது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். மாறுதலால் சம்பளம் குறைந்தது அவருக்குத் தெரியும். வளையல் போனது தெரியாது. வீடு எப்படியோ ஓடுகிறது, என் மனைவி சாமர்த்தியசாலி என்று நம்பிச் செலவழிக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது உங்கள் மௌனம். அம்மா சொல்லி அனுப்பியதில் அன்பு இருக்கிறது. காவலில் நிற்பவரிடம் சொல்லத் தயங்கியதும் நியாயம். இப்போது அவர் பீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். கேட்டுத் தாங்கிக்கொள்ள அவரால் முடியும்.

வந்த அன்றே சொல்ல வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய இரவு நிச்சயமாக வேண்டாம். அந்த பாரத்தோடு அவர் ரயிலேறக் கூடாது. அவர் ஊருக்கு வருவதற்கு முன்பே போனில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: “இந்த முறை யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுக்காமல் வாருங்கள், நாம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.” வந்த மூன்றாம் நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அந்த டிரங்குப் பெட்டியை நடுவில் வைத்து நீங்களே திறந்து ரசீதுகளை அவர் கையில் கொடுங்கள். கோபப்படலாம், அழவும் செய்யலாம். நீங்கள் பட்ட பாட்டைச் சொல்லுங்கள். சைக்கிளை அன்றைக்குப் பேச்சில் இழுக்காதீர்கள்.

பிறகு கணக்கு. உங்கள் மாமியாரைக் கேளுங்கள், தக்காளிக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்தை வைத்து அடுத்த வருஷச் செலவுக்குத் திட்டம் போடுவாரா என்று. பறிகூலிக்கும் கட்டாமல் காட்டிலேயே பழத்தை விட்ட நாட்களும் அவருக்குத் தெரியும். ஃபீல்டு படி அப்படி ஏறி இறங்குகிற விலை. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, மாதம் 5,200 ரூபாய் ராணுவப் பணி ஊதியம் இவைதான் உங்கள் நிலையான வரவு. வீடு இதற்குள் ஓட வேண்டும். மீண்டும் ஃபீல்டுக்குப் போனால் வரும் கூடுதல் பணம் கடனை அடைக்கட்டும். ஹவில்தாராக ஓய்வு பெறுபவர் ஐம்பதைத் தொடுவதற்கு முன்பே வீடு திரும்பிவிடுவார், பென்ஷன் கடைசி ஊதியத்தில் பாதி. உங்கள் மகன் அப்போது கல்லூரியில் இருப்பான்.

இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. அந்த நகைகளைக் கூட்டுறவு வங்கிக்கோ அரசு வங்கிக்கோ மாற்றினாலே வட்டி பெருமளவு குறையும். 2024 முதல் உங்கள் கணவருக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு வீதம் கல்விப்படி உண்டு. இரண்டு பேருக்கு ஆண்டுக்கு 67,500 ரூபாய். இது படிப்பாண்டு முடிந்த பிறகு மொத்தமாக வருகிற பணம் என்பதால் எதில் கரைந்தது என்றே தெரியாமல் போய்விடும். அடுத்த ஆண்டு பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

ராணுவக் குடியிருப்பில் வீடு (குவார்ட்டர்ஸ்) கிடைக்குமா என்றும் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பீஸ் ஸ்டேஷனில் குடும்பத்தோடு இருக்க வழி உண்டு, கேந்திரிய வித்யாலயாவில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமையும் உண்டு. மாமியாரைத் தனியே விட முடியாது என்றால் ஓராண்டுக்காவது யோசிக்கலாம். நான்கு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் லீவுச் செலவு என்ற பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும், மகளிர் குழுவில் சேருங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். கடன் கிடைக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்கிற இடம் அது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. தூக்கம் இப்படியே கெட்டால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச ஆலோசனைச் சேவை அது. எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கணவரிடம் பேசப் பொங்கல் வரை நாள் இருக்கிறது. மகளிடம் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, இல்லாத வாந்தியைச் சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். இன்று மாலை அவள் தலை வாரும்போது, டூர் விஷயம் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். கடன் எவ்வளவு என்ற கணக்கு அவளுக்கு வேண்டாம். “அதைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் அப்பாவும் இருக்கிறோம், இனி பணம் வேண்டுமென்றால் என்னிடம் கேள், முடியாவிட்டால் முடியாது என்று நானே சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மைசூரில் என்னென்ன பார்க்க ஆசைப்பட்டாள் என்றும் கேளுங்கள்.