நாட்கூலிக்குப் போன இடத்தில் மெசினில் கை போனால் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: என் தம்பி சூடடிக்கும் மெசினோடு நாட்கூலிக்குப் போகிறவன். பெல்ட்டில் கை இழுபட்டு மூன்று விரல்கள் போய்விட்டன. மெசின்காரர் எங்களுக்குச் சொந்தம். ஒரு தொகை தந்து, கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார். வைக்கலாமா?

வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் அவர் தருவதை வாங்குங்கள். ஆனால் "இனி எதுவும் கோரமாட்டேன்" என்ற வரி உள்ள எந்தக் கடிதத்திலும் தம்பி கை வைக்கக்கூடாது. ஏற்கெனவே வைத்துவிட்டால் இடிந்துபோகவும் வேண்டாம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை நம் இலங்கைச் சட்டம் ஏற்பதில்லை.

நான் சொல்வது 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். என் சின்னண்ணாவுக்கு சாவகச்சேரிப் பக்கம் ஒரு காலபோக அறுவடையில் முழங்கைக்குக் கீழே போனது. அந்தக் கோப்போடு அலைந்தது நான்தான். அதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்களைக் கூடுதலாக வருத்தியது சட்டமில்லை, ஊர். மெசின்காரர் எங்களுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. நல்ல மனுசன், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து இரத்தமும் கொடுத்தார். "சொந்தத்துக்குள்ள வழக்கா?" என்று அம்மாவே கேட்டார். கலியாணவீடு, செத்தவீடு என்று முகம் பார்க்க வேண்டிய ஆட்கள். வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வேலை செய்கிற பெடியனுக்கு இந்தச் சிக்கல் வேறு மாதிரி வரும், அவனுக்காகப் பேச ஊரில் ஆளே இராது. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான்: காயப்பட்டவன் வாயை மூடிக்கொள்கிறான்.

ஆனால் இந்தச் சட்டத்தில் யாரையும் குற்றவாளியாக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் வந்ததா என்பதுதான் கேள்வி. முதலாளி பிழை விட்டார் என்று நிரூபிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. நான் சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன்: "சித்தப்பா, உங்களில கோபமில்லை. அண்ணாவின்ர கை இனி உழைக்கப் போறதில்லை, அதுக்குச் சட்டம் ஒரு கணக்கு வச்சிருக்கு, அதை மட்டும் கேக்கிறம்." அவர் கொஞ்சக் காலம் பேசவில்லை. அப்புறம் பேசினார்.

உங்களிடமும் "அவன்தான் கவனமில்லாமல் நின்றான், சாரத்தைக் கட்டிக்கொண்டு மெசினடியில் நிற்கலாமா" என்று சொல்வார்கள். அது பதிலாகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது, தெளிவாகச் சொன்ன பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியது போன்ற சில காரணங்களுக்காகத்தான் முதலாளி பொறுப்பை மறுக்க முடியும். வெறும் கவனக்குறைவு அதில் இல்லை. ட்ராக்டரின் பின்னால் மெசினை ஓட்டும் தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 தரம் சுற்றும், அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. சாரத்தின் நுனி அதில் பிடிபட்டால் எவ்வளவு கெட்டிக்காரனாலும் இழுத்தெடுக்க நேரம் கிடைக்காது. அதற்குத்தான் மூடி. நம் வயல்களில் எத்தனை மெசினில் அந்த மூடி இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"நாட்கூலிதானே, நிரந்தர வேலையில்லையே" என்பதும் நிற்காது. அவருடைய தொழிலுக்காகத்தான் தம்பி அந்த மெசினில் நின்றான். ஆனால் யார் முதலாளி என்பதில் தெளிவாக இருங்கள். வயல்காரர் மெசின்காரரைக் காட்டுவார், மெசின்காரர் வயல்காரரைக் காட்டுவார். தம்பியை வேலைக்குக் கூப்பிட்டது யார், கூலி யார் கையால் வந்தது, யார் சொல்லி வேலை செய்தான் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். வேலைக்குக் கூப்பிட்ட வட்ஸ்அப் குரல்பதிவு, காசு போட்ட வங்கித் துண்டு, அன்று கூட நின்றவர்களின் பெயர், மெசினின் படம், எல்லாம் வேண்டும். அறுவடை முடிந்தால் மெசின் வேறு ஊருக்குப் போய்விடும், கூட நின்றவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டிவரும்.

ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டில் எப்படிக் காயம் வந்தது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். "வீட்டில் விழுந்தது" என்று சொல்லச் சொல்லுவார்கள், அதற்கு இணங்க வேண்டாம். பொலிஸில் பதிவு செய்து பிரதி எடுங்கள். விபத்தைப் பற்றி முதலாளிக்கு எழுத்தில் அறிவித்து, அதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பிறகு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பப் படிவம் கேளுங்கள். தீர்மானிப்பவர் நட்டஈட்டு ஆணையாளர். எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தி எத்தனை வீதம் குறைந்ததாகக் கொள்வது என்று சட்டத்தில் அட்டவணையே உண்டு. அந்த வீதத்தையும் தம்பியின் கூலியையும் வைத்துத் தொகை வரும். உச்சத் தொகை முன்பு ஐந்தரை இலட்சமாக இருந்தது. 2022 திருத்தத்தில் 20 இலட்சமாக்கினார்கள். மெசின்காரரோடு பேசித் தீர்த்தாலும் அந்த உடன்பாட்டை ஆணையாளரிடம் பதிய வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்துக்குப் போங்கள்.

பிசியோதெரபியை மட்டும் இடையில் விட வேண்டாம். மிச்ச விரல்கள் விறைத்துப்போனால் பிறகு நிமிர்த்துவது பெரிய பாடு. மருத்துவ அறிக்கையில் எத்தனை வீதம் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், படிவத்தை நிரப்ப நான் உதவி செய்கிறேன்.