புதுக் கோழிய பழசுங்க கொத்துதுன்னா
சகோ, சந்தையில வாங்குன ரெண்டு பெட்டையையும் நேரா பழைய அஞ்சு கோழியோட விட்டதுதான் பிரச்சனை. தலையில ரத்தம் வருதுன்னா இப்பவே பிரிச்சிருங்க, ரத்தத்த பாத்தா மத்ததுங்க கொத்துறத நிறுத்தாது, காயத்துல மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சு தடவுங்க. அதவிட எனக்கு பயம் வெள்ளைக்கழிச்சல்ங்கிற தொத்து நோய்தான், சந்தைக் கோழி பாக்க நல்லாத்தான் இருக்கும் திடீர்னு மொத்த கூட்டையும் காலி பண்ணிரும், அதனால புதுசுங்கள 3 வாரமாச்சும் நல்லா தள்ளி வைங்க, தண்ணி தட்டு கூட தனியா. ஏற்கனவே கலந்துட்டதால பழசுங்களையும் கவனிங்க, பச்சையா கழிஞ்சா உடனே கால்நடை டாக்டர். அப்புறம் ஒரு வாரம் நடுவுல கம்பிவலை கட்டி ஒண்ணையொண்ணு பாக்க விடுங்க, பொறவு பொழுது சாஞ்சு எல்லாம் அடைஞ்சதும் இதுங்களையும் பக்கத்துல விட்ருங்க. விடிஞ்சதும் போய் பாருங்க, தீனி ரெண்டு மூணு இடத்துல வைங்க, லேசா கொத்துறது கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும்.